டிக்கெட்டுக்கு முழு விலை, மேடைக்கு வழியில்லை

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. சின்ன வயதிலிருந்தே வீல்செயாரில்தான் இருக்கிறாள். ஜப்பானிய அனிமேஷனான அனிமே என்றால் அவளுக்கு உயிர். கொழும்பில் நடந்த பெரிய ரசிகர் கொன்வென்ஷன் ஒன்றுக்கு அவளுக்கும் துணைக்குப் போகும் எனக்குமாக ஒன்லைனில் இரண்டு டிக்கெட் எடுத்தேன், ஒன்று 3,500 ரூபா. விளம்பரத்தில் "வீல்செயார் வசதி உண்டு" என்று போட்டிருந்தார்கள். அங்கே போனால் முன்வாசலில் படிகள். சாய்தளம் பின்பக்கத்தில், சாமான் இறக்கும் வழியில் இருந்தது, அதற்குக் குறுக்கே வயர்கள். ஸ்டோல்களுக்கு நடுவே வீல்செயார் நுழையவில்லை. கதாபாத்திரங்களைப் போல உடுத்தி வரும் கொஸ்ப்ளே போட்டி மேல்மாடியில். லிஃப்டில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றினார்கள், பிறகு அதைப் பூட்டிவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான டொய்லெட்டை உடை மாற்றும் அறையாக்கியிருந்தார்கள். "நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகிறோம் அன்ரி" என்று அங்கே நின்ற பிள்ளைகள் கேட்டார்கள். மகள் மறுத்துவிட்டாள். மாதக்கணக்காகத் தைத்த உடுப்போடு திரும்பி வந்தோம். ஏற்பாட்டாளர் அது மண்டபத்தின் குறை என்கிறார். மண்டபக்காரர் ஏற்பாட்டாளரிடம் பேசச் சொல்கிறார். டிக்கெட்டில் "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று வேறு இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடியும். அதற்கு முன் உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: தூக்க வேண்டாம் என்று அவர் மறுத்தது முழுக்கச் சரி. பழக்கமில்லாத நாலு பேர் ஒரு வீல்செயாரை ஆளோடு சேர்த்துப் படியில் தூக்குவது ஆபத்து. தூக்குபவருக்கும் ஆபத்து. மேலே கொண்டுபோய் விட்ட பிறகு தீ அபாய மணி அடித்தால் அந்த நாலு பேரும் எங்கே இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளைகள் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார்கள். ஆனால் ஏற்பாட்டாளர் செய்ய வேண்டிய வேலையை அவர்களுடைய தோளில் போட்டது பெரிய தவறு.

சட்டத்தைப் பார்ப்போம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இங்கே இருக்கிறது. பொதுமக்கள் போகக்கூடிய எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் ஒருவர் போவதையோ அதைப் பயன்படுத்துவதையோ அவருடைய இயலாமையைக் காரணம் காட்டிக் கட்டுப்படுத்தக் கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. கட்டணம் வாங்கும் இடமானாலும் வாங்காத இடமானாலும் இதேதான். மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போட அடுத்த பிரிவு வழி வைத்திருக்கிறது. சாய்தளம், கதவு, லிஃப்ட், கழிப்பறை எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தன.

ஒழுங்குவிதி வந்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போனார். கிரிக்கெட் நடுவராக இருந்தவர் அவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்ததில் வீல்செயாருக்கு வந்தவர். அவருடைய வழக்கில்தான் 2011 ஏப்ரலில், புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020இல் அவர் காலமானார். கொழும்பில் இன்று ஒரு நல்ல சாய்தளத்தைக் கண்டால், அதில் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரிவது வேறு. அந்த மண்டபத்தில் லிஃப்ட் இருந்தது. டொய்லெட் இருந்தது. சாய்தளமும் இருந்தது. அதாவது கட்டியவர் தன் வேலையை ஓரளவாவது செய்திருக்கிறார். அன்றைக்கு அதையெல்லாம் உங்கள் மகளிடமிருந்து பறித்தது நிகழ்ச்சியை நடத்திய விதம். லிஃப்டைச் சாமானுக்கு எடுத்தது, டொய்லெட்டை உடை மாற்றும் அறையாக்கியது, சாய்தளத்தில் வயர் போட்டது, ஸ்டோல்களை நெருக்கியது எல்லாமே ஏற்பாட்டாளர் எடுத்த முடிவுகள். அதனால் "மண்டபத்தின் குறை" என்ற பதிலை ஏற்காதீர்கள். முன்வாசல் படி மட்டும் மண்டபத்தின் பொறுப்பு. உங்களிடம் காசு வாங்கியது ஏற்பாட்டாளர், வசதி உண்டு என்று எழுதியதும் அவர்தான். மண்டபத்தோடு அவர் போட்ட ஒப்பந்தம் அவர்கள் இருவருக்கும் இடையிலானது. நீங்கள் அதற்குள் போகத் தேவையில்லை.

அந்த "வசதி உண்டு" என்ற வரிதான் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை அதன் 30ஆம் பிரிவும், பொய்யான விவரம் சொல்லி விற்பதை 31ஆம் பிரிவும் தடுக்கின்றன. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி டிக்கெட் விற்றது இதற்குள் வருகிறது என்று எழுதுங்கள். அந்த விளம்பரம் இன்னும் இணையத்தில் இருந்தால் இன்றைக்கே ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடலாம்.

"பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்பதைப் பார்த்துப் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த வரி, நீங்கள் மனம் மாறி வராமல் விட்டால் பொருந்தும். அவர்கள் விற்றதைத் தராமல் விட்டதற்கு அது கவசம் ஆகாது. ஒருதலையாக அச்சடித்த நிபந்தனை எந்த அளவு செல்லும் என்பதைப் பார்க்க, நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில் ஏற்பாட்டாளருக்கு ஒரு மின்னஞ்சல். போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப் குரல் பதிவும் வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். என்ன சொல்லி விற்றார்கள், அங்கே என்ன இருந்தது, எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டு டிக்கெட்டின் முழுப் பணமான 7,000 ரூபாவையும் கேளுங்கள். மகளால் உள்ளே இருக்க முடியாதபோது உங்கள் டிக்கெட்டுக்கும் பயனில்லை. பதிலுக்கு 14 நாள் தவணை வையுங்கள். கடிதத்தின் பிரதி மண்டப நிர்வாகத்துக்கும் போகட்டும், முன்வாசல் படிக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 23ஆம் பிரிவைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். 7,000 ரூபாவுக்காக மேல் நீதிமன்றம் போகும்படி நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பிரிவு உங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கும் இப்போதே சொல்லுங்கள். விற்ற சேவை சொன்னபடி கிடைக்கவில்லை என்று முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கோரும் சார்ஜ்பேக் முறை இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு, ஏற்பாட்டாளரின் பதிலுக்காகக் காத்திருந்தே அது கடந்துவிடும்.

பதில் வராவிட்டால் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு. 1977 என்ற எண்ணில் வழி கேட்கலாம். சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தொகை சிறியதென்பதால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கும் போகலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை. மண்டபம் அரச நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு முறைப்பாடு அனுப்புங்கள், அதன் எண் 1996. தனியார் மண்டபம் என்றால் அந்த வழி பெரும்பாலும் உதவாது.

அடுத்த முறைக்காக ஒரு விஷயம். டிக்கெட் எடுக்கும் முன் "வீல்செயார் வசதி இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். வாசலில் ஒரு படி மட்டும் இருந்தால் அதையும் வசதி என்றே நினைப்பவர்கள் உண்டு. பதிலில் அளவும் இடமும் வரும்படி கேளுங்கள். சாய்தளம் எந்த வாசலில், அதன் நீளம் என்ன? ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது உலகெங்கும் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. 60 சென்ரிமீற்றர் உயர மேடைக்கு 7 மீற்றருக்கு மேல் சாய்தளம் வேண்டும். அவசரத்துக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் அது சறுக்குமரம்தான். ஸ்டோல்களுக்கு நடுவே எத்தனை சென்ரிமீற்றர் விடுகிறார்கள்? 90 இல்லாமல் வீல்செயார் நிம்மதியாகப் போகாது, திரும்புவதற்கு 150 வேண்டும். லிஃப்ட் அன்றைக்குச் சாமானுக்கும் அதேதானா, அதன் சாவி யாரிடம்? இந்தப் பதில்கள் மின்னஞ்சலில் வந்துவிட்டால் அவை விற்பனை வாக்குறுதி ஆகிவிடும். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில், காசை வைத்துக்கொள்ளுங்கள்.

துணைக்குப் போகும் உங்களுக்கு ஏன் 3,500 ரூபா என்றும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். அமெரிக்காவின் சான் டியேகோ கொமிக்-கொன் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடும் விழா. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது, உதவிக்கு வருபவருக்கு இலவச அனுமதி தருகிறது, சைகை மொழிபெயர்ப்பாளரும் உண்டு. இதெல்லாம் கருணையால் மட்டும் வந்ததில்லை. பின்னால் 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிற்கிறது, கேட்டுக்கொண்டே இருந்த ரசிகர்களும் நிற்கிறார்கள். 2015இல் ஜோன் ஸ்கால்சி என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர், அணுகல் வசதி பற்றிய கொள்கையை வெளியிட்டுப் பின்பற்றாத கொன்வென்ஷனுக்கு விருந்தினராகப் போகமாட்டேன் என்று அறிவித்தார். மற்ற எழுத்தாளர்கள் பலரும் சேர்ந்துகொண்டார்கள். நம் ஊரில் நடுவர்களாக, விருந்தினர்களாக மேடையேறும் கொஸ்ப்ளே கலைஞர்கள், ஓவியர்கள், யூடியூபர்கள் இதைச் செய்தால் உங்கள் மகளுக்கு இந்தப் பத்தியே தேவைப்படாது.

கேள்வி: என் தம்பி ஓட்டிசம் உள்ளவன். கொமிக்ஸ் எல்லாம் மனப்பாடம். ஆனால் இப்படியான விழாவில் சத்தமும், மின்னி மின்னி எரியும் லைட்டும், நீண்ட வரிசையும் தாங்கமாட்டான். பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால் வரிசையில் முன்னுக்கு விடக் கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். இதற்கு உரிமை கேட்க முடியுமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கேட்க முடியும், கேளுங்கள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதத்தினர், கிட்டத்தட்ட 16 இலட்சம் பேர், பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது போன்ற ஏதோ ஒன்றில் சிரமம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் வீல்செயாரில் இருப்பவர்கள் ஒரு பகுதிதான். வாசலில் நிற்கும் காவலாளிக்கு இது தெரியாமல் இருக்கலாம், விழா நடத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் போய்க் கேட்பதில்தான் சண்டை வருகிறது. ஒரு கிழமைக்கு முன்பே ஏற்பாட்டாளருக்கு எழுதி, தம்பியின் பெயரில் ஒரு அனுமதி மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். வைத்தியரின் குறிப்பு இருந்தால் இணைக்கலாம், ஆனால் முழு மருத்துவ அறிக்கையையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். அமைதியாக உட்கார ஒரு அறை கேளுங்கள். அது ஏற்பாட்டாளருக்கு ஒரு கதவும் நாலு கதிரையும்தான் செலவு. கூட்டம் குறைந்த நேரம் எது என்றும் கேளுங்கள், கதவு திறக்கும் முதல் மணித்தியாலம் பெரும்பாலும் நல்லது.

மின்னும் லைட் பற்றிக் கட்டாயம் கேளுங்கள், தம்பிக்காக மட்டுமில்லை. வலிப்பு நோய் உள்ள சிலருக்கு அது வலிப்பைத் தூண்டும். பிரித்தானியாவில் வினாடிக்கு நாலு மின்னலுக்கு மேல் போகவேண்டாம் என்று அறிவுறுத்துகிறார்கள். டிக்கெட் விற்கும்போதே அந்த எச்சரிக்கை போடப்பட்டிருக்க வேண்டும். உள்ளே போன பிறகு சுவரில் ஒட்டிய தாள் போதாது, அதற்குள் காசு கைமாறிவிட்டது.

கேள்வி: ஸ்டிக்கரும் கீசெயினும் விற்கச் சின்ன ஸ்டோல் போடுகிறேன். மண்டபத்தை மாற்ற என்னால் முடியாது. என் மேசையளவில் என்ன செய்யலாம்?
வாசகி, தெஹிவளை

பதில்: மேசைக்கு முன்னால் பெட்டி, பதாகைக் கால் எதையும் வைக்காதீர்கள், நடைபாதை குறுகுவது பெரும்பாலும் அதனால்தான். விலையைப் பெரிய எழுத்தில், இருந்தபடியே பார்க்கும் உயரத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் உயரத் தொங்கவிடாமல் கொஞ்சத்தைத் தட்டில் மேசை விளிம்பில் வையுங்கள். வீல்செயாரில் வருபவரிடம் நேரே பேசுங்கள், கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். ஸ்டோல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நடைபாதை எத்தனை அகலம் என்று நீங்களும் கேளுங்கள். இடத்துக்குக் காசு கட்டுபவர் நீங்கள், ஸ்டோல்காரர் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் ஏற்பாட்டாளர் வரைபடத்தை மாற்றத்தான் செய்வார்.