பகலில் சுரக்கும் இரவு ஹார்மோன்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஸ்மித்-மெகனிஸ் சிண்ட்ரோம் என்று மரபணுப் பரிசோதனையில் தெரியவந்தது. விடியற்காலை 4 மணிக்கே எழுந்து விளையாடத் தொடங்கிவிடுகிறாள். பள்ளியில் 11 மணிக்கெல்லாம் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறாள். "ராத்திரி சீக்கிரம் தூங்க வையுங்கள்" என்கிறார் ஆசிரியை. காலையில் பிரகாசமான விளக்குக்கு முன் உட்காரவைத்தால் பகல் தூக்கம் குறையும் என்று ஒருவர் சொன்னார். வாங்கிப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஆசிரியை சொல்வது மற்ற பிள்ளைகளுக்குச் சரி. உங்கள் மகளின் சிக்கல் படுக்கும் நேரத்தில் இல்லை. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இருட்டியதும் சுரந்து, விடிந்ததும் அடங்க வேண்டும். 17ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாததால் வரும் இந்தக் குறைபாட்டில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தலைகீழாக நடக்கிறது. பகலில் உச்சத்துக்குப் போகிறது, ராத்திரி வற்றிவிடுகிறது. உடலின் கடிகாரத்தை ஒழுங்காக ஓட்ட உதவும் ஒரு மரபணு அந்தத் துண்டில்தான் இருக்கிறது. நடுராத்திரி 2 மணிக்கு உங்களை எழுப்பிக் கணக்குப் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? அவளுக்குக் காலை வகுப்பு கிட்டத்தட்ட அப்படித்தான். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வெளிச்சம் எப்படி உதவும்? பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் விழித்திரையில் இருக்கின்றன. அவை தகவல் அனுப்பினால் மெலடோனின் சுரப்பு குறையும். மூளைக்கு நேரடியாகவே கொஞ்சம் விழிப்பும் வரும். 'பகலில்தான் வெளிச்சம் இருக்கிறதே, பிறகு ஏன் சுரக்கிறது?' என்று நீங்கள் கேட்டால் நியாயமான கேள்விதான். ஒரு காரணம், வீட்டுக்குள் இருப்பது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மட்டுமே. சிகிச்சை விளக்கு தருவது 10,000 லக்ஸ். ஆனால் அவளுடைய கடிகாரமே மாறி ஓடுவதால், வெளிச்சம் மட்டும் அதை முழுதாகத் திருப்பிவிடாது. அரிய நோய் என்பதால் ஆய்வுகளும் சிறியவை. ஆகவே இதை ஒரு கைத்துணையாக நினையுங்கள், முழு மருந்தாக அல்ல.

விளக்கு புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாக இருக்கட்டும். 10,000 லக்ஸ் என்பது எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். சற்றுத் தள்ளி வைத்தாலே அளவு மளமளவென்று இறங்கிவிடும். முதல் வாரம் 10 நிமிடம், அப்புறம் மெல்ல அரை மணி. விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, முகத்தில் விழுந்தால் போதும். இந்தப் பிள்ளைகளுக்குப் பக்கம் புரட்டுவதில் இருக்கும் ஆசை உங்களுக்குத் தெரியுமே! விளக்கருகே ஒரு பழைய பத்திரிகையைக் கொடுத்துப் பாருங்கள். அரை மணி தானாகவே ஓடிவிடும்.

நேரம்தான் முக்கியம். 4 மணிக்கு எழுந்தாள் என்று அப்போதே விளக்கைப் போட்டுவிடாதீர்கள். அது கடிகாரத்தை இன்னும் முன்னுக்குத் தள்ளி, அந்த நேரத்தையே விடியலாக்கிவிடக்கூடும். அவள் எழ வேண்டிய நேரம் வரை அறை இருட்டாகவே இருக்கட்டும். மாலையில் விளக்கைத் தணித்து, செல்போன் திரையை ஒதுக்கிவையுங்கள். காலையில் வெளியே நடக்க முடிந்தால் இன்னும் நல்லது. மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும்.

இனி கண் விஷயம். இந்த சிண்ட்ரோமில் கடுமையான கிட்டப்பார்வை அதிகம். விழித்திரை பிரியும் ஆபத்தும் உண்டு, தலையை மோதிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். அதனால்தான் முதலில் விழித்திரையைப் பார்க்கச் சொன்னேன். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற, வெளிச்சத்தால் தோல் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் மருந்துகள் எடுக்கிறாளா என்பதையும் சொல்லுங்கள். தலைவலி வந்தாலோ, வழக்கத்தைவிட எரிச்சல் கூடினாலோ நிறுத்திவிடலாம்.

விளக்கு போதாவிட்டால் இரவில் மெலடோனினும், பகல் சுரப்பை அடக்கக் காலையில் பீட்டா பிளாக்கர் வகை (வழக்கமாக ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தருவது) மாத்திரையும் கொடுப்பது உண்டு. ஆஸ்துமா இருந்தால் இரண்டாவது பொருந்தாது. டாசிமெல்டியான் என்ற மருந்தை இந்த சிண்ட்ரோமின் இரவுத் தூக்கக் கோளாறுக்கென்றே 2020இல் அமெரிக்கா அனுமதித்தது. எதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

பள்ளியில் மதியத்துக்கு முன் 20 நிமிடம் தூங்க விடச் சொல்லுங்கள். அதட்டி எழுப்புவதைவிட அது பலன் தரும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. ராத்திரி குறட்டை விடுகிறாளா? மூச்சு நடுவில் நிற்கிறதா? இரண்டு வாரம் தூக்க நேரங்களைக் குறித்து, அதையும் சேர்த்து உங்கள் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தால், எந்த விளக்கை வைத்தாலும் அவள் மேஜையில் சாய்ந்துகொண்டேதான் இருப்பாள்.