எந்தத் தேர்வை முதலில் எழுதுவது?

கேள்வி: காப்பீட்டு முகவராக இருக்கிறேன். உருக்காலையில் ஓய்வுபெறுபவர்கள் பி.எஃப். பணத்தை எங்கே போடலாம் என்று கேட்கிறார்கள். ஓய்வுக்கால ஆலோசனைக்கு எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும்?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: வருமானம் கமிஷனா, ஆலோசனைக் கட்டணமா? அதை முடிவு செய்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

கமிஷன் என்றால், பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியின் கல்வி நிறுவனம் என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 5-ஏ தேர்வு போதும்; அது மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர்களுக்கானது. 100 கேள்வி, 2 மணி நேரம், தேர்ச்சிக்கு 50 மதிப்பெண். தேறிய கையோடு விற்க முடியாது, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் ஏ.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு விசிட்டிங் கார்டில் 'ஆலோசகர்' என்று அச்சடிக்கக் கூடாது. பலர் சறுக்கும் இடம் இது.

கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல, என்.ஐ.எஸ்.எம்.மின் முதலீட்டு ஆலோசகர் தேர்வுகளான 10-ஏ, 10-பி இரண்டும் தேறி, செபியில் பதிய வேண்டும். கல்வித்தகுதி விதியையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தேர்ச்சிக்கு 60 சதவீதம். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும். 5-ஏ-வில் கழிவு கிடையாது. அந்தப் பழக்கத்தில் இங்கும் குத்துமதிப்பாக டிக் அடித்தால் தேறுகிற ஆளும் தோற்பார். சான்றிதழ் 3 ஆண்டுதான் செல்லும். முதல் தாள் காலாவதியாகும் முன் அடுத்ததை முடியுங்கள். செபியில் தனிநபர் ஆலோசகராகப் பதிந்தபின் கமிஷனுக்கு விற்க முடியாது.

சி.எஃப்.பி. என்ற நிதித் திட்டமிடல் பட்டம் அறிவுக்கு நல்லது. ஆனால் அது செபி பதிவுக்கு மாற்றல்ல.

தேர்வுக்குப் பான் கார்டில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். நம்மூர் இனிஷியல் குழப்பம் தெரிந்ததுதானே.