வாழை திசு வளர்ப்பு மீடியாவுக்குப் போர் தண்ணீர் ஆகுமா? அகார் ஏன் உறைய மாட்டேன் என்கிறது?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் காட்பாடிப் பக்கம் ஒரு சின்ன லேபில் மீடியா, அதாவது பாட்டிலில் குருத்து வளரும் சத்துக் கூழ், கலக்கும் ஆள். நேராகவே சொல்கிறேன்: போர் தண்ணீர் ஆகாது.

நம்ம ஊர்ப் போர் தண்ணீரில் ஹீட்டர் ராடைப் போட்டால் கொஞ்ச நாளில் வெள்ளையாக ஓடு கட்டிவிடும் அல்லவா? அந்தச் சுண்ணாம்பு உப்புதான் மீடியாவிலும் வம்பு செய்கிறது. பிஎச்சை (புளிப்பு அளவை) 5.8க்கு இறக்க அமிலம் விட்டால் முதலில் அசையவே அசையாது. அப்புறம் சட்டென்று விழும். 5க்குக் கீழே போன மீடியாவை குக்கரில் வேகவைத்தால், அதை உறையவைக்கும் கடற்பாசிப் பொடியான அகார் சிதைந்து கஞ்சியாகவே நிற்கும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கும் போல. டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பிஎச் பேப்பரை நம்பாதீர்கள், மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

1962இல் முராஷிகியும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காகக் கண்டுபிடித்த எம்எஸ் மீடியாதான் வாழைக்கும் அடிப்படை. ஸ்டாக், அதாவது உப்புகளின் செறிவான கரைசல், நீங்களே போடுவதாக இருந்தால் கால்சியம் குளோரைடுக்குத் தனி பாட்டில். செறிவான நிலையில் அதைப் பாஸ்பேட்டோடோ சல்பேட்டோடோ சேர்த்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்கார்ந்துவிடும், செடிக்குப் போகாது. இரும்பு ஸ்டாக்கை வெளிச்சம் படாமல் வையுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை, ரெடிமேட் பவுடர் பாக்கெட்டே வாங்கிவிடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை உடைத்தால் முழுதும் கலக்கிவிட வேண்டும். மீதி வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும்.

லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம். மளிகைக் கடை வெள்ளைச் சர்க்கரையே போதும், கம்பெனி சுக்ரோஸுக்குக் காசை விடாதீர்கள். குருத்தைப் பெருக்கும் ஹார்மோனான பிஏபி தண்ணீரில் நேராகக் கரையாது. 100 மில்லிகிராமைச் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து 100 மில்லிக்குத் தண்ணீர் விடுங்கள். அதில் 4 மில்லி ஒரு லிட்டருக்கு, வாழைக் குருத்து பெருக. பிஎச் சரிசெய்த பிறகே அகார், 7 முதல் 8 கிராம்.

வெயிட் போட்ட வீட்டு குக்கரே ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் கருவி): 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், சின்ன பாட்டிலுக்கு 20 நிமிஷம். பாட்டில் மூடியை லூசாக வையுங்கள். அடுப்பை அணைத்ததும் வெயிட்டைத் தூக்காதீர்கள், மீடியா பொங்கி வழியும். மூன்று நான்கு நாள் சும்மா வைத்துப் பூஞ்சை வராத பாட்டிலில் மட்டும் குருத்தை நடுங்கள்.