தொடுவானத்தின் எந்திரப்பியை மாற்றினால் இருண்ட சக்தி தேவைப்படாதா?

கேள்வி இதுதான்: அண்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள எல்லையான அண்டத் தொடுவானத்தின் எந்திரப்பிக்கு (ஒழுங்கின்மையின் அளவு; தமிழகத்தில் என்ட்ரோபி என்பார்கள்) வேறொரு சூத்திரம் எழுதினால், விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட சக்தியைக் கொண்டுவராமலே அண்டம் ஆர்முடுகலோடு (வேகம் கூடிக்கொண்டே) விரிவதை விளக்கலாமா? பெரும்பாலும் முடியாது என்பதே என் பதில். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிப்பவன் என்பதால், இதில் என் கண் முதலில் போவது தொகையீட்டு மாறிலியின் மேல்தான்.

கருந்துளையின் எந்திரப்பி அதன் பரப்பளவுக்கு விகிதசமம் என்று இயற்பியலாளர் பெக்கன்ஸ்டைன் 1973 இல் எழுதினார். அதற்கு வெப்பநிலையும் உண்டு என்று ஹோக்கிங் மறு ஆண்டு காட்டினார். 1977 இல் கிப்பன்ஸும் ஹோக்கிங்கும் அண்டத் தொடுவானத்துக்கும் இதே கணக்கைப் பொருத்தினார்கள். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நிற்பவர் காணும் தொடுவானமும் வள்ளத்தில் கடலுக்குள் போனவர் காணும் தொடுவானமும் ஒன்றல்ல. அண்டத் தொடுவானமும் அவ்வாறே பார்ப்பவரைப் பொறுத்தது. அதன் ஆரை, ஒளியின் வேகத்தை ஹபிள் வீதத்தால் (அண்டம் விரியும் வீதம்) வகுத்தால் வருவது, ஏறத்தாழ 1,400 கோடி ஒளியாண்டு.

இனிக் கொப்பியை எடுங்கள். வெப்பநிலை ஹபிள் வீதத்துக்கு நேர்விகிதசமம், எந்திரப்பி அவ்வீதத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமம். தொடுவானத்தைக் கடந்து போகும் சக்தியை, வெப்பநிலையை எந்திரப்பி மாற்றத்தால் பெருக்கிய தொகைக்குச் சமப்படுத்தினால், ஹபிள் வீதம் குறையும் கதி அடர்த்தியும் அமுக்கமும் சேர்ந்த கூட்டுத்தொகைக்கு விகிதசமமாக வரும். சக்திக் காப்பு விதியைக் கொண்டு அதைத் தொகையிட்டால் கிடைப்பது, அண்டத்தின் விரிவை அதன் அடர்த்தியோடு இணைக்கும் பிரீட்மன் சமன்பாடு. காயும் கிம்மும் 2005 இல் காட்டிய வழி இதுவே. ஆனால் தொகையிட்டபோது ஒரு மாறிலி கூடவே வருகிறது. மாணவர்கள் எழுத மறந்து புள்ளி இழக்கும் அதே மாறிலிதான் இங்கே ஐன்ஸ்டைனின் அண்டவியல் மாறிலி, அதாவது இருண்ட சக்தியின் மிக எளிய வடிவம். அதன் பெறுமானம் என்ன என்பதற்கு வெப்பவியக்கவியல் வாய் திறப்பதில்லை.

அண்டவியலாளர் பாரோ 2020 இல், குவாண்டம் விளைவுகளால் தொடுவானப் பரப்பு சுருக்கங்கள் நிறைந்ததாக இருக்கலாம் என்று எண்ணி, எந்திரப்பிச் சூத்திரத்தில் பரப்பளவின் அடுக்கை 1 இலிருந்து 1 + டெல்ற்றா/2 ஆக்கினார். டெல்ற்றா 0 முதல் 1 வரை. மேற்சொன்ன படிகளையே திரும்பச் செய்தால், ஹபிள் வீதத்தின் வர்க்கம் இருந்த இடத்தில் (2 − டெல்ற்றா) என்ற அடுக்கு வருகிறது. மாறிலியைப் பூச்சியமாக்கி, சடப்பொருளை மட்டும் வைத்தால், ஹபிள் வீதம் அளவுக் காரணியின் (அண்டம் எத்தனை மடங்கு விரிந்தது என்பதைக் காட்டும் எண்) −3/(2 − டெல்ற்றா) ஆம் அடுக்காகக் குறையும். விரிவு ஆர்முடுக வேண்டுமானால் 3/(2 − டெல்ற்றா) ஒன்றிலும் சிறிதாக வேண்டும். பாரோவின் வீச்சில் அது 1.5 இலிருந்து மேலேதான் போகிறது. அதாவது அமர்முடுகல் (விரிவின் வேகம் குறைதல்) கூடுகிறது! பரப்பளவின் அடுக்கை 1/2 க்கும் கீழே இறக்கினால் ஆர்முடுகல் வரும். பரப்பளவின் அடுக்கை வேறு பெறுமானங்களுக்கும் விடும் சாலிஸ் வகை எந்திரப்பியில் அதற்கு இடமுண்டு. ஆனால் அடுக்கு அவ்வளவு விலகினால், அண்டத்தின் முதல் சில நிமிடங்களில் விரிவின் வேகம் மாறி, எஞ்சும் நியூத்திரன்களின் அளவும் மாறி, சாதாரண சடப்பொருளின் திணிவில் ஏறத்தாழ கால்பங்காக நாம் காணும் ஹீலியம் கணக்கில் பொருந்தாது. டெல்ற்றாவுக்கு ஹீலியம் விட்டுவைக்கும் இடம் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கே.

எந்திரப்பியை மாற்றி எழுதும் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது, எந்திரப்பியை மாற்றியவர் ஹோக்கிங் வெப்பநிலையை அப்படியே வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். கருந்துளையின் திணிவையும் அந்த வெப்பநிலையையும் தொடாமல் விட்டால், வெப்பவியக்கவியலின் முதலாம் விதி தருவது பெக்கன்ஸ்டைனின் பழைய சூத்திரத்தையே.