கை நீட்டாதவர்கள்

வணக்கம் அக்கா,

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. வருகிற தை மாதம் தங்கைக்குத் திருமணம். காலையில் கோயிலில் தாலி கட்டு, மாலையில் மண்டபத்தில் வரவேற்பு, இரவு விருந்து. 400 பேர் வருவார்கள் என்று கணக்கு. மாப்பிள்ளை வீடு கோவை. சமையலுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவரைப் பேசியிருக்கிறோம். விருந்துக்கு முன்னால் ‘ஸ்டார்ட்டர்’ என்று குட்டி சமோசா, கோபி 65, சூப் மூன்றும் தருவாராம். ஆளுக்கு 65 ரூபாய் தனி. காகிதத் தட்டு, குத்தி எடுக்கும் குச்சி, பரிமாறும் பையன்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அந்த 26,000 ரூபாய் எங்கள் கையில் இல்லை. அம்மாவின் சங்கிலியை வைத்தால் கிடைக்கும். ‘கோயம்புத்தூர்க்காரர்கள் சிரிப்பார்கள், வை’ என்கிறார் சித்தப்பா. ‘முன்னாலேயே தின்னக் கொடுத்தால் பந்தியில் எவன் சாப்பிடுவான்’ என்கிறார் அப்பா. நீங்கள் மலைக்காரர். என்ன செய்யலாம்? இ-பாஸ், குளிர் என்று வேறு கவலைகளும் இருக்கின்றன. பெயர் வெளியிட வேண்டாம்.

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சங்கிலியை வைக்காதீர்கள். இதற்கு மேல் படிக்க நேரம் இல்லையென்றால் இந்த ஒரு வரி போதும். பச்சைத் தேயிலை போகிற விலைக்கு அந்தச் சங்கிலி எந்த வருடம் வீடு திரும்பும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அடகுக்கடைப் படி ஏறுங்கள்.

சில்லறைக் கவலைகளைத் தள்ளிவிடுகிறேன். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பத்திரிகையோடு ஒரு துண்டுச் சீட்டில் அதை அச்சடித்து வையுங்கள், கைப்பேசியில் எடுத்துக்கொள்வார்கள். அரசு பஸ்ஸில் வருவோருக்கு அதுவும் வேண்டாம். குளிருக்குக் கம்பளி. சித்தப்பா சொல்லும் சிரிப்புக்கு என்னிடம் மருந்தில்லை. சிரிக்கவென்றே வருகிறவர்கள் சமோசா வைத்தால் சமோசாவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா என்ன சொன்னார் என்று இருக்கிறது, சித்தப்பா என்ன சொன்னார் என்று இருக்கிறது, சமையல்காரர் சொன்னது ரூபாய் கணக்கோடு இருக்கிறது. இன்னும் மலையே ஏறாத கோவைக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுகூட இருக்கிறது. கல்யாணப் பெண் என்ன சொல்கிறாள்? ஒரு வரி இல்லை. சங்கிலிக்குச் சொந்தக்காரரான அம்மா? அவருக்கும் ஒரு வரி இல்லை. 400 பேரின் வாயைப் பற்றி எழுதிய ஒருவர் வீட்டிலிருக்கும் இரண்டு வாய்களை எப்படி ஐயா மறந்தார்? போய்க் கேளுங்கள். தங்கை ‘எனக்குக் கோபி வேண்டும், சின்ன வயதிலிருந்து ஆசை’ என்றால் நான் கீழே எழுதுவது எதுவும் செல்லாது. கோபியே போடுங்கள், சாம்பாரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஸ்டார்ட்டர் எதற்கு வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? பந்தி தாமதமாகிறது, அதனால் வந்தது. ஆறு மணிக்கு வரவேற்பு என்று பத்திரிகையில் போடுகிறோம். அலங்காரம் முடிந்து பெண் மேடைக்கு வரும்போது ஏழரை. அதன் பிறகு புகைப்படக்காரரின் ராஜ்ஜியம். மலையில் இதோடு இன்னொரு தாமதமும் சேரும். கீழிருந்து வருகிற சமையல்காரர்கள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கோத்தகிரி போல 1,800 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அண்டா தளதளக்கிறதே என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். உள்ளே பருப்பு விறைத்துக்கொண்டு கிடக்கும். தைக் குளிரில் காஸ் சிலிண்டரும் சுணங்கும். பந்திக்கு ஒன்பது மணி ஆகிவிடும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் உங்களிடம் 26,000 ரூபாய் கேட்கிறார்கள். பருப்பை மதியமே ஊறவைத்துக் குக்கரில் ஏற்றச் சொல்லுங்கள். கீழே மூட்டுவதைவிட ஒரு மணி நேரம் முன்னால் அடுப்பை மூட்டச் சொல்லுங்கள். ஏழு மணிக்கு முதல் பந்தி. மணமக்கள் மேடையில் நிற்கட்டும், பந்தி தன்பாட்டுக்கு நடக்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து வாழை இலைக் கட்டு காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட வேண்டும், அதை மறந்துவிட்டு சமோசாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இவ்வளவோடு முடித்திருப்பேன். தட்டு, குச்சி, பரிமாறும் பையன்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை இந்த இரவு பதினொரு மணிக்கு உட்காரவைத்தது. சில நாட்களாகவே அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். குன்னூரில் எங்கள் உறவில் ஒரு வரவேற்பு. சீருடை போட்ட பையன்கள் தட்டு ஏந்தி நாற்காலிகளுக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் முன்பக்கம் நின்று பேச்சு சுவாரசியத்தில் நான்கு கோபியோ ஐந்தோ தின்றேன். அம்மா பின்னால் சுவரோரம், தோட்டத்திலிருந்து வந்த பெண்களோடு உட்கார்ந்திருந்தார். தட்டு அந்தப் பக்கமும் போகத்தான் செய்தது, நானே பார்த்தேன். பையன் நிற்கவில்லை, நடந்தபடியே தட்டைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினான். எடுப்பவர் அந்த ஒரு நொடிக்குள் எடுக்க வேண்டும். ‘இது நமக்கும்தானா, காசு கேட்பார்களா, எத்தனை எடுக்கலாம்’ என்று யோசிப்பவருக்கு அந்த நொடி போதாது. அந்த வரிசையில் ஒருவர்கூட எடுக்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஆறரைக்கு உட்கார்ந்தவர் ஒன்பதே காலுக்குத்தான் பந்தியில் இடம் பிடித்தார். முதல் கவளத்தை எடுத்தபோது கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் திட்டினேன். எடுத்துத் தின்ன வேண்டியதுதானே, உனக்கென்ன அப்படி ஒரு வெட்கம் என்று கத்தினேன். “வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கையை நீட்டச் சொல்கிறாயா? மண்டபத்தில் நீட்டியது போதும்” என்றார். கல்யாண மண்டபத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, அங்கேதான் நீட்டவே இல்லையே என்றேன். அவர் பதில் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டார். படுத்து வெகு நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னது ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலிருக்கும் மண்டபம்.

1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதினார்கள். அந்த ஐந்தேகால் லட்சத்தில் நாங்கள் ஐந்து பேர். 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். அங்கிருந்து மண்டபம் முகாம். பிறகுதான் இந்த மலையும், அப்போது வனத்துறையின் கையில் இருந்த, 1976-இல் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான தோட்டமும். முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றபோது எனக்கு எட்டு வயது. யார் தட்டை முதலில் நீட்டுவது என்று அண்ணனோடு போட்டி போட்டது நினைவிருக்கிறது, எனக்கு அது விளையாட்டு. அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. இலங்கையில், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்துப் பழகியவர். அவர் அந்த வரிசையில் எப்படி நின்றார் என்று நாற்பது வருடம் நான் கேட்டதில்லை. கோபி தின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு உங்கள் சமோசாமேல் கோபம் இல்லை, தம்பி. நடந்துபோகிற தட்டின்மேல்தான் கோபம். இலை போட்டால் வந்து உட்கார்ந்த எல்லோருக்கும் முன்னால் ஒரே இலை கிடக்கிறது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. போதும் என்று இலைக்கு மேலே கையைக் குறுக்கே காட்டுவதுதான் சாப்பிடுகிறவர் செய்ய வேண்டிய ஒரே வேலை. தட்டு வந்தால் அவர் கையைத் தூக்கி, நீட்டி, எடுத்தாக வேண்டும். பழகியவர்கள் எடுத்துவிடுகிறார்கள். கோவைக்காரர்கள் எடுப்பார்கள், நான் எடுப்பேன், நீங்களும் எடுப்பீர்கள். உங்களோடு கொழுந்து பறிக்க வருகிற பெண்கள் எடுக்க மாட்டார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 65 ரூபாய் என்று 400 பேருக்குக் கொடுப்பீர்கள். 250 பேர் தின்பார்கள். தின்னாத 150 பேர்தான் பசியோடு வந்தவர்கள். பந்தியிலும் ஒரு காலத்தில் ஆள் பார்த்துத்தான் உட்காரவைத்தார்கள், சில ஊர்களில் இன்றும் வைக்கிறார்கள், அந்த யோக்கியதை எனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்த பிறகு இலை ஆள் பார்க்காது.

விருந்துக்கு முன்னால் ஒன்றுமே கொடுக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். மலைப்பாதையில் தலை சுற்றி, தை மாதக் குளிரில் இறங்குகிறவருக்குச் சூடாக ஏதாவது கொடுக்காவிட்டால் அது வேறு பாவம். எங்கள் லயத்தில் கல்யாணம் என்றால் வாசலில் அண்டா நிறையப் பிளேன்டீ இருக்கும். பால் கிடையாது. சீனியை உள்ளங்கையில் வைப்பார்கள், அதை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். தேநீரில் கலந்து கொடுத்தால் கட்டாது. தேங்காய் ரொட்டியை நாலாகப் பிய்த்து ஒரு துண்டு, விரலால் தொட்டுவைத்த சம்பல். பெண்ணின் தாய்மாமன்தான் கொடுப்பார். பட்டு வேட்டியில் தேநீர் சிந்தி, அத்தை ஏசுவார்.

அதையே செய்யுங்கள். நீங்கள் பால் ஊற்றிக்கொள்ளலாம், அந்த வசதி இருக்கிறது. இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் ஆளுக்கு 120 மில்லி என்றால் 400 பேருக்கு 48 லிட்டர். பாதி பால் என்றாலும் 24 லிட்டர்தான். கூட ஆளுக்கு ஒரு வர்க்கி, நம் மலை பேக்கரிகளில் கிடைக்கும் மொறுமொறு பிஸ்கட். கோபி அரை மணியில் மூடுபனி பட்டுத் துவண்டுவிடும், வர்க்கி துவளாது. டம்ளர்களைப் பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுங்கள். சமையல்காரரின் காகிதத் தட்டு பிளாஸ்டிக் பூசியதாக இருந்தால் 2019 ஜனவரியிலிருந்தே அது தமிழ்நாடு முழுக்கத் தடை. நம் மாவட்டத்தில் வந்து பார்க்கவும் செய்வார்கள்.

பரிமாறும் பையன்கள் வேண்டாம். நீங்களும் சித்தப்பாவும் கொடுங்கள். கடைசி வரிசையில் தொடங்கி முன்னால் வாருங்கள். தட்டைக் காட்டிக்கொண்டு போகாதீர்கள். நின்று, குனிந்து, டம்ளரைக் கையில் வையுங்கள். வேண்டாம் என்று முதல் முறை சொன்னால் அதற்கு ஒன்றும் அர்த்தமில்லை, இரண்டாம் முறையும் கேளுங்கள். சர்க்கரை போடாததைத் தனிக் கூஜாவில் வைத்துக்கொண்டு, வயதானவர்களிடம் எது வேண்டும் என்று கேட்டு ஊற்றுங்கள். முன்வரிசைக்கு வரும்போது தேநீர் கொஞ்சம் ஆறியிருக்கும். சித்தப்பா பயப்படுகிற ஆட்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கம்பளி போட்டிருப்பார்கள்.

சூப் பற்றியும் எழுதியிருந்தீர்கள், மறந்துவிட்டேன். வேண்டாம். மிளகு போட்டு டம்ளரில் ஊற்றினால் அது ரசம்தான், அதை இலையிலேயே ஊற்றிக்கொள்ளலாம்.