பின்சந்துச் சீரமைப்புக்கு மானியம்: முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில், தனியார் மேம்பாட்டாளர் கட்டிய மலிவு விலை அடுக்குமாடியில் 120 குடும்பங்கள் இருக்கிறோம். கட்டடத்துக்குப் பின்னால் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு சந்து. விளக்கு இல்லை, கால்வாய் மூடிகள் உடைந்து கிடக்கின்றன, இரவில் யாரோ குப்பை கொட்டிவிட்டுப் போகிறார்கள். விளக்கு, இருக்கை, செடிகள், சுவருக்கு வர்ணம், கால்வாய்ப் பழுது எல்லாம் சேர்த்து 40,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். எந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம்? அதற்குச் சங்கம் பதிவு செய்தே ஆக வேண்டுமா?

பதில்: மானியத்தைத் தேடும் முன் அந்தச் சந்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நல்ல விண்ணப்பங்கள்கூட இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. சந்து உங்கள் அடுக்குமாடியின் மனைக்குள் இருந்தால் அது பொதுச்சொத்து, அதாவது ஹர்தா பெர்சாமா. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி அதை உங்கள் ஜே.எம்.பி. என்ற கூட்டு நிர்வாகக் குழுவோ எம்.சி. என்ற நிர்வாகக் கழகமோ பராமரிக்க வேண்டும். மனைக்கு வெளியே சாலைக்கென ஒதுக்கிய நிலமாக (ரிசாப்) இருந்தால் பினாங்கு மாநகர் மன்றத்திடம் போக வேண்டும். அடுத்த மனைக்காரர் பெயரில் இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் ஒரு பூத்தொட்டிகூட வைக்க முடியாது. ஒரே சந்தில் ஒரு பாதி ஒருவருக்கும் மறு பாதி இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பதும் உண்டு. அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லாட் எண்ணை, அதாவது மனை எண்ணைக் கண்டுபிடித்து நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி எடுங்கள்; நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் அதிகாரபூர்வத் தேடல் தாள் அது. அதற்கான கட்டணம் சிறியது. அந்தத் தாளை விண்ணப்பத்தோடு இணைத்தால் பரிசீலிப்பவரின் முதல் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நில உரிமையாளரிடம் வாங்கும் கடிதத்தில் ‘ஆட்சேபம் இல்லை’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் போதாது. என்னென்ன வேலை நடக்கும், எத்தனை ஆண்டுக்கு அனுமதி, மின்கட்டணம் யார் கட்டுவது, பழுதானால் யார் சரிசெய்வது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். வேலை முடிந்து ஆறு மாதத்தில் உரிமையாளர் மனம் மாறி இருக்கைகளைப் பெயர்த்தால், இந்தக் கடிதம் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.

சங்கம் விஷயத்துக்கு வருவோம். மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சட்டப்படி அமைந்த ஓர் அமைப்பு வேண்டும், அதன் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும். அதற்காகப் புதிதாகச் சங்கம் தொடங்க வேண்டியதில்லை. ஜே.எம்.பி. செயல்பட்டுக்கொண்டிருந்து கணக்கும் தணிக்கை ஆகியிருந்தால் அதுவே போதும். அதில் சச்சரவு இருந்தாலோ கணக்கு பாக்கி நின்றாலோ, உங்கள் வட்டாரத்து ருக்குன் தெத்தாங்கா என்ற அண்டை அயலார் குழுவையோ ஏற்கெனவே பதிவான ஒரு பொது அமைப்பையோ கேளுங்கள். அவர்கள் பெயரில் விண்ணப்பித்து, வேலையை நீங்கள் செய்வதாக ஒரு புரிந்துணர்வுக் கடிதம் எழுதிக்கொள்ளலாம். சொந்தச் சங்கம்தான் வேண்டும் என்றால் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கப் பதிவிலாகாவின் இரோசஸ் இணையத்தளம் வழியாகப் பதிவு செய்யலாம். பதிவோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வோர் ஆண்டும் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் சங்கம் தொடங்காதீர்கள்; பதிவு ரத்தானால் பாதியில் நிற்கும் மானியமும் சிக்கலாகிவிடும்.

இனி அந்த 40,000 வெள்ளியைப் பிரித்துப் பாருங்கள். சந்து மாநகர் மன்றத்துடையது என்றால், உடைந்த கால்வாய் மூடியும் தெருவிளக்கும் அவர்கள் செய்ய வேண்டிய வேலை. அதை மானியப் பணத்தில் செய்வது வீண். மழை விட்டு அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் எங்கெங்கே தேங்கி நிற்கிறது என்று படம் எடுத்து, லாட் எண்ணோடு எழுத்தில் புகார் கொடுங்கள், மாநகர் மன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கால்வாயும் விளக்கும் அவர்கள் பொறுப்பில் போய்விட்டால், நீங்கள் கேட்க வேண்டிய தொகை 24,000 வெள்ளி அளவுக்கு இறங்கலாம். தொகை சிறியதாகவும், மன்றம் தன் பங்கைச் செய்யச் சம்மதித்த கடிதம் கூடவும் இருந்தால் விண்ணப்பத்துக்குப் பலம் அதிகம்.

சந்து பொதுச்சொத்தாக இருந்தால் மாநில அரசின் டி.பி.எம்.80பி.பி. நிதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தனியார் மலிவு விலை, நடுத்தர மலிவு விலை வீடுகளில் மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி போன்ற பெரிய பழுதுகளுக்கு அதிகபட்சம் 80 விழுக்காடு வரை உதவும் நிதி அது. இருக்கைக்கும் செடிக்கும் அதை நாட வேண்டாம். ஆனால் கூரையும் ஒழுகுகிறது என்றால் முதலில் அங்கே போங்கள். பழுதுக்கு 100,000 வெள்ளி ஆனால் உங்கள் பங்கு 20,000. 120 வீடு என்றால் வீட்டுக்கு ஏறக்குறைய 167 வெள்ளி.

பொது இடங்களைச் சீரமைக்க மானியம் கொடுத்துப் பழகிய அமைப்பு திங்க் சிட்டி. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின், 2009இல் அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனலின் கீழ் தொடங்கி, அந்த நகரின் மானியத் திட்டத்தை நடத்தியது. இப்படிப்பட்ட மானியங்கள் ஆண்டு முழுதும் திறந்திருப்பதில்லை, குறிப்பிட்ட வட்டாரங்களுக்கென்றே அறிவிக்கப்படுவதும் உண்டு. ஜெலுத்தோங் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள். கசானாவின் இன்னொரு அமைப்பான யாயாசான் ஹசானா, சமூக மேம்பாடு, கல்வி, சுற்றுச்சூழல் போன்ற துறைகளில் பெரிய திட்டங்களைப் பார்க்கும் இடம். ஒற்றைச் சந்து அங்கே எடுபடுவது கடினம். அரசின் மித்ரா பிரிவு இந்தியச் சமூகத்தின் பொருளாதார, சமூக முன்னேற்றத்துக்கானது. சுவருக்கு வர்ணம் பூச அங்கே கேட்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலை, வங்கி, வர்ணக் கடை ஆகியவற்றிடம் பணமாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேட்டால் காரியம் சீக்கிரம் நடக்கும்.

தேவையை நிரூபிக்கும் முறைக்குப் பினாங்கிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகமும் உள்ளாட்சி மன்றங்களும் 2012இல் ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்புத் திட்டங்களில், பணத்தை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்பாளர்களே வாக்களிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தன. நீங்களும் அதைச் செய்யலாம். ஆண்கள், பெண்கள், முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். கூட்டத்தில் பேசத் தயங்கும் பெண்கள், தனியாகக் கேட்டால் இருக்கையைவிட விளக்குதான் முக்கியம் என்று சொல்லக்கூடும். வந்தவர்களின் எண்ணிக்கை, வாக்கு விவரம், கையெழுத்துப் பட்டியல் மூன்றையும் இணைத்தால் உங்கள் விண்ணப்பம் நாலு பேரின் ஆசையாகத் தெரியாது.

செலவுப் பட்டியலில் ‘வர்ணம்: 3,000 வெள்ளி’ என்று மொத்தமாக எழுதாதீர்கள். கணக்கைக் காட்டுங்கள். 60 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம் என்றால் 150 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் போகும். இரண்டு பூச்சுக்கு 30 லிட்டர், அடிப்பூச்சு சீலருக்கு 15 லிட்டர். பழைய சொரசொரப்பான சுவர் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். பாசியை உயர் அழுத்த நீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டபின் பூச வேண்டும். ஈரச் சுவரில் பூசிய வர்ணம் ஒரு மழைக்காலத்திலேயே உரிந்து விழும். அதனால் கழுவும் கூலியைத் தனி வரியாகப் போடுங்கள்.

கால்வாய் மூடியை நீங்களே செய்ய நேர்ந்தால் எடையைப் பாருங்கள். 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. கனத்தில் ஒரு கான்கிரீட் பலகை ஏறக்குறைய 65 கிலோ. துப்புரவாளரால் தனியாகத் தூக்க முடியாது. தூக்க முடியாத மூடியின் கீழ் மண் சேரும், தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும். இரும்புக் கம்பி மூடியோ பழைய இரும்புக்கு விலை போகும் என்று திருடு போய்விடும். 30 செ.மீ. அகலத்தில் சின்னப் பலகைகளாக வார்த்து, தூக்கக் கைப்பிடித் துளை விடச் சொல்லுங்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கும்போது மூவருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுங்கள், இல்லாவிட்டால் விலையை ஒப்பிடவே முடியாது. செயற்குழுவினரின் உறவினர் நிறுவனம் அதில் வேண்டாம். எதிர்பாராத செலவுக்கு 10 விழுக்காடு ஒதுக்குங்கள்.

மானியப் பணம் பொதுவாகத் தவணையாகத்தான் வரும். கடைசித் தவணை அறிக்கையும் ரசீதும் கொடுத்த பிறகே கைக்கு வரும். 24,000 வெள்ளி 30, 40, 30 விழுக்காடாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; கடைசி 7,200 வெள்ளி கைக்கு வரும்வரை யார் பணம் போடுவது? குத்தகையாளரோ தொடக்கத்திலேயே பாதி முன்பணம் கேட்பார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, உங்களுக்குத் தவணை வரும் வரிசையிலேயே அவருக்கும் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். 5 விழுக்காட்டைப் பிடித்துவைத்து, ஆறு மாதம் கழித்துக் குறை இல்லையென்றால் கொடுங்கள். வேலையில் எதையாவது மாற்ற நேர்ந்தால் மானியம் கொடுத்தவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இருக்கைக்கு வாங்கிய பணத்தை நல்லெண்ணத்தில் விளையாட்டுச் சாதனத்துக்குச் செலவிட்டால்கூட அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கலாம்.

பராமரிப்புக்கு விண்ணப்பத்தில் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். சூரிய சக்தி விளக்குகளின் மின்கலம் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். வீட்டுக்கு மாதம் 2 வெள்ளி வசூலித்தால் ஆண்டுக்கு 2,880 வெள்ளி சேரும். செடிக்கு யார் எந்தக் கிழமை தண்ணீர் விடுவார் என்று பெயரோடு அட்டவணை போடுங்கள்.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். ஜனவரி, பிப்ரவரி காய்ந்திருக்கும். வர்ணமும் கான்கிரீட்டும் அந்த வறண்ட மாதங்களில் நடக்க வேண்டும். சீனப் புத்தாண்டையொட்டிக் குத்தகையாளர்கள் கிடைப்பது அரிது என்பதால் ஜனவரி முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்கும்படி திட்டமிடுங்கள். அப்படியானால் சாரியான் ரஸ்மியும் சம்மதக் கடிதமும் ஜூன் மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும்.