வாசகர் கேள்வி பதில்: பழைய பாலை, முதிரைச் சாமான் தேடுறவைக்கு

கேள்வி: எங்கட வீட்டுப் பெட்டகம், உரல், சாய்மனைக் கதிரை எல்லாம் 2009 இடப்பெயர்வோட போச்சு. இப்ப புது வீடு கட்டி முடிச்சிட்டம், பழைய வைர மரச் சாமான் ரெண்டொண்டாவது வாங்கி வைக்க ஆசையாக் கிடக்கு. எங்க தேடுறது, ஏமாறாம எப்பிடிப் பாக்கிறது அக்கா? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: தங்கச்சி, காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெரு மாதிரி பழைய சாமானுக்கெண்டே ஒரு தெரு எங்கட பக்கம் இல்லை. இங்க தேடுறதெண்டா பழைய இரும்புக் கடையளின்ர பின்பக்கம், மரக்காலை மூலை, ஓட்டு வீடு பிரிச்சு நிலை, கதவு, யன்னல், வளை, தீராந்தி விக்கிற ஆக்கள், இவையளிட்டத்தான் போகவேணும். ஆனா முதல்ல உங்கட ஊர்த் தச்சு வேலைக்காரரைக் கேளுங்கோ, ஆர் வீட்டில என்ன கிடக்கு, ஆர் விக்க நிக்கினம் எண்டது அவைக்குத்தான் தெரியும், மரத்தைத் தட்டிப் பாத்தே என்ன சாதி எண்டும் சொல்லுவினம்.

சாமானைப் பாக்கமுன்னம் இது ஆர் வீட்டில இருந்தது எண்டு கேளுங்கோ. சனம் விட்டிட்டு ஓடின வீடுகளில இருந்து எவ்வளவு சாமான் கைமாறிப் போனது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உங்கட பெட்டகமும் அப்பிடித்தான் எங்கேயோ கிடக்கும். விக்கிறவர் பதில் சொல்லத் தடுமாறினா எவ்வளவு வடிவான சாமானா இருந்தாலும் விட்டிட்டு வாங்கோ. அதோட, பத்தை மண்டிக் கிடக்கிற பழைய வளவுக்குள்ள மரம் தேடி நீங்களாப் போகவே வேண்டாம், கண்ணிவெடி கிடக்கு எண்டு சிவப்புப் பலகையில மண்டையோடு போட்டிருக்கிற இடத்துக்குக் கிட்டவும் போகக்கூடாது.

இனி மரம். பாலை எண்டா செங்கபிலம், சின்னத் துண்டு தூக்கினாலே கை இறங்கும், தண்ணிக்குள்ள போட்டா தாழும். கருங்காலியும் தாழும். முதிரை மஞ்சள், சீவின இடத்தில வெளிச்சம் பட்டா பட்டு மாதிரி மினுங்கும். தேக்கு இவையளவு பாரமில்லை, மிதக்கும், தொட்டா ஒரு எண்ணெய்த்தன்மை தெரியும். கருங்காலி எண்டு சொல்லிக் கறுப்புச் சாயம் பூசின வேற மரமும் வரும், அதால அடிப்பக்கத்தில, வெளிய தெரியாத இடத்தில நகத்தளவு சுரண்டிக் காட்டச் சொல்லுங்கோ, உள்ளுக்கும் கறுப்பா இருக்கவேணும்.

ஓட்டை கண்ட உடன பயப்பிடாதேங்கோ. உளு எண்ட மரம் துளைக்கிற பூச்சி பெரும்பாலும் மரத்தின்ர வெளிப்பக்க வெள்ளையைத்தான் தின்னும், நடுவில இருக்கிற வைரத்துக்குள்ள போறது குறைவு. சாமானைக் கடதாசிக்கு மேல வைச்சுத் தட்டி, கொஞ்ச நாள் அப்பிடியே விட்டுப் பாருங்கோ, மா மாதிரித் தூள் புதுசாக் கொட்டினா உள்ளுக்குப் பூச்சி உயிரோட இருக்கு, கொட்டாட்டி அது பழைய காயம். புதுத் தூள் எண்டா அதைச் சரிப்பண்ணாம மற்றத் தளபாடத்துக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ.

எங்கட வன்னிப் பக்கத்து மரத்தில இன்னொண்டு பாக்கவேணும். ஷெல் துண்டும் சன்னமும் மரத்துக்குள்ள கிடக்கும், வெளியால மூடி வளந்திருக்கும், வீட்டு வளையில பாய்ஞ்சதும் இருக்கும். வாளோ சீவுளியோ வைக்கமுன்னம் ஒரு நல்ல காந்தத்தை முழுக்கத் தடவிப் பாருங்கோ, பழைய ஆணியும் அதில அம்பிடும், ஆனா காந்தம் ஆழத்தில இருக்கிறதைக் காட்டாது, செம்பு பித்தளையையும் பிடிக்காது, அதால அறுக்கிறவரிட்டயும் இது எங்க கிடந்த மரமெண்டு வாயால சொல்லுங்கோ. முதிரையைத் தேய்க்கிறதெண்டா மூக்கையும் கையையும் மூடுங்கோ, அந்தத் தூள் கனபேருக்குத் தோலில கடி கிளப்பும்.

கேள்வி: மாமாவின்ர பழைய மாட்டு வண்டில் சில்லு ஒண்டு எனக்குக் கிடைச்சிருக்கு. கண்ணாடி போட்டு மேசையாக்க விருப்பம். ஆர்க்கால் ஆடுது, இரும்பு வளையமும் லூசா இருக்கு. வளையத்தைக் கழட்டி, சில்லைப் பாதியா வெட்டிச் சுவரில அடிக்கச் சொல்லியும் ஒராள் சொல்லுறார். (வாசகர், மாங்குளம்)

பதில்: வெட்டாதேங்கோ தம்பி, தயவுசெய்து. நடுவில இருக்கிற குடம், அதில இருந்து போற ஆர்க்கால், வெளிச்சுத்து மரமான வட்டை எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சு வைச்சிருக்கிறது அந்த இரும்புதான், பழுக்கக் காய்ச்சிப் போட்டு ஆறவிட, அது சுருங்கி மரத்தை இறுக்கினது. இப்ப லூசா இருக்கிறதுக்குக் காரணம் மரம் காய்ஞ்சு ஒடுங்கினது. தண்ணியில ஊறவைச்சா இறுகும், ஆனா காய்ஞ்ச உடன திரும்ப ஆடும், வீட்டுக்குள்ள வைக்கிற சாமானுக்கு அது சரிவராது. வட்டைக்கும் இரும்புக்கும் இடையில மெல்லிய மர ஆப்பு சுத்திவர அளவா இறுக்குங்கோ, அது போதும்.

எந்த வேலைக்கும் முதல் நிழலில, காத்தோட்டமான இடத்தில காயவிடுங்கோ, வெய்யிலில போட்டா வெடிக்கும். எங்கட பக்கம் மாரிக்கு மரம் ஊதும், கச்சான் காத்துக்குச் சுருங்கும், இதை ஒருத்தராலும் நிப்பாட்டேலாது, அதால வெடிப்புகளைக் கல்லு மாதிரி இறுகிற பசையால அடைக்காம விட்டிடுங்கோ. குடம் வெளிய தள்ளி நிக்கிறதால கண்ணாடி வட்டையில நேரா இருக்காது, குடத்தைச் சீவாம வட்டைக்கு மேல சின்னக் கட்டையளை வைச்சு உயர்த்துங்கோ. பூச்சுக்கு லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசாத் தேய்ச்சுத் துடைச்சாக் காணும், தேங்காயெண்ணெய் காயாது, பிசுபிசுத்துத் தூசு பிடிச்சு மணக்கும். லின்சீட் துடைச்ச துணியைச் சுருட்டிக் குவிச்சு வைக்காதேங்கோ, அது தானாச் சூடாகித் தீப்பிடிக்கும், விரிச்சு வெளியில காயப்போடுங்கோ.

கேள்வி: பழைய ரயில் சிலிப்பர் கட்டை வாங்கிக் குசினிக்குத் தட்டும், பிள்ளையளுக்குக் கட்டிலும் செய்யலாமோ? (வாசகி, வவுனியா)

பதில்: குசினிக்கும் வேண்டாம், கட்டிலுக்கும் வேண்டாம். 1990 இல வவுனியாவுக்கு வடக்க ரயில் நிண்ட பிறகு தண்டவாளமும் கட்டையளும் பங்கருக்குப் போனது, லைன் திரும்ப 2013 இல கிளிநொச்சிக்கும் 2014 இல யாழ்ப்பாணத்துக்கும் வந்தது, இடையில கனக்கக் கட்டை கைமாறிப் போச்சு. பில் இல்லாத கட்டையை வாங்காதேங்கோ, அது ரயில்வேச் சொத்து. கறுத்து, தார் மாதிரி மணந்தா அது கிரியோசோட் எண்ட, மரம் உக்காம இருக்கப் போடுற தார் எண்ணெய் ஊறின கட்டை, தோலுக்கும் மூச்சுக்கும் கூடாது, புற்றுநோய் வரவைக்கக் கூடியது. அதைச் சீவி உள்ளுக்கு எடுக்கவும் கூடாது, அடுப்பில எரிக்கவும் கூடாது. முத்தத்தில, பிள்ளையள் உடம்பு படாத இடத்தில மண் தடுக்க வைக்கலாம். குசினித் தட்டுக்குப் பிரிச்ச வீட்டுப் பாலை வளை கிடைச்சா அதைவிட நல்ல மரம் நீங்க தேடேலாது.

கேள்வி: அம்மம்மாவின்ர பெட்டகத்தைக் கனடாவுக்கு அனுப்பலாமோ? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: பழைய காலத்துச் சாமானை நாட்டைவிட்டுக் கொண்டுபோறதுக்குத் தொல்லியல் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், அதைக் கேட்டு எடுக்காமக் கப்பலுக்குக் காசு கட்டாதேங்கோ. அதுவரைக்கும் இங்க சகோதரி வீட்டில உடுப்புப் போட்டுப் பாவிக்கச் சொல்லுங்கோ, அடிக்கடி திறந்தாத்தான் உள்ளுக்குப் பூச்சி வந்தா உடன தெரியும். நிலத்தில நேர வைக்காம நாலு மூலைக்கும் செங்கல் குடுத்து, சுவரில முட்டாமத் தள்ளி வைச்சா, கறையான் ஏறினாலும் கண்ணில படும்.